திடீரென அடைபடும் கால் நாடி: ஸ்டென்டின் இடம் எது?

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், கரவனெல்லயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கால் வலிக்குக் குறைவில்லை. யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகல, புளத்கொஹுபிட்டிய என்று எந்தப் பக்கம் போனாலும் மேடும் பள்ளமும்தான். விடியுமுன் பால்வெட்டுக்கு இறங்குபவர் மரத்துக்கு மரம் சரிவில் ஏறி இறங்க வேண்டும். கொழுந்து எடுப்பவருக்கோ நாள் முழுக்க நின்ற நிலை. அதனால் கால் வலிக்கிறது என்றால் வீட்டில் எண்ணெய் தேய்ப்பார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள், ‘நரம்பு இழுத்திருக்கு, படுத்து எழும்புனா சரியாயிரும்’ என்பார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும்.

ஆனால் ஒரு வலி மட்டும் அப்படிச் சரியாவதில்லை. அது எந்த நேரத்தில் தொடங்கியது என்று நோயாளியால் சொல்ல முடியும். அவ்வளவு திடீரென்று வரும். கால் வெளிறும், மற்றக் காலைவிடச் சில்லென்று இருக்கும், பாதத்தின் மேற்புறத்தில் கை வைத்தால் துடிப்பு கிடைக்காது. பிறகு விரல்கள் மரத்துப்போகும். அதன் பிறகு விரலை அசைக்கச் சொன்னால் அசையாது. வலி, வெளிறல், துடிப்பின்மை, குளிர்ச்சி, மரப்பு, செயலிழப்பு ஆகிய ஆறையும் மருத்துவ மாணவர்கள் முதலாம் பாடமாகப் படிக்கிறார்கள். இவற்றில் கடைசி இரண்டும்தான் காலின் தலைவிதியைச் சொல்பவை. இரத்தம் கிடைக்காதபோது முதலில் வாடுவது நரம்பு, அடுத்தது தசை. தோல் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும்போதும் வெளியே கால் ‘பார்க்க நல்லாத்தான் இருக்கு’ என்று தோன்றுகிறது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது. அந்த நேரத்தில் கொடுக்கும் வெந்நீர் ஒத்தடம் தோலைப் பொசுக்கிவிடும்.

இரத்த ஓட்டம் முற்றாக நின்றுபோனால் தசைக்கு ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் என்பதே பொதுவான கணக்கு. பக்கக் கிளைகளால் கொஞ்சம் இரத்தம் வந்தால் நேரம் நீளும். மேற்கு நாடுகளின் ஆய்வுகளில் ஆண்டுக்கு 10,000 பேரில் ஒருவருக்கு, அல்லது சற்றுக் கூடுதலானோருக்கு, இந்த நோய் வருகிறது. வசதியான வைத்தியசாலைகளிலேயே ஒரு மாதத்துக்குள் பத்தில் ஒருவராவது காலை இழக்கிறார். உயிரிழப்பும் அதற்குக் குறைந்ததல்ல.

இன்று இந்த நோயைப் பற்றிப் பேசினாலே ‘ஸ்டென்ட் வைக்கலாமா?’ என்ற கேள்விதான் முதலில் வருகிறது. இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். காலுக்கும் அதே வழிதானே என்று குடும்பத்தார் நினைப்பது இயல்பு. அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லவே இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திடீர் அடைப்பில் ஸ்டென்ட் என்பது பல படிகளில் கடைசிப் படி. சிலருக்கே அது வேண்டும். எல்லோருக்கும் வேண்டியவை அதற்கு முந்திய படிகள். சப்ரகமுவத் தோட்டங்களைப் பொறுத்தவரை கால் பிழைப்பதும் போவதும் அந்த முந்திய படிகளில்தான்.

அடைப்பு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு வழிகள் பிரதானம். ஒன்று, வேறிடத்தில் உறைந்த இரத்தக்கட்டி மிதந்து வந்து கால் நாடி கிளை பிரியும் இடத்தில் சிக்கிக்கொள்வது. பெரும்பாலும் அது இதயத்திலிருந்து வருகிறது. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும்போது மேலறையில் இரத்தம் தேங்கி உறைகிறது. நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. சிறு வயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிடும். அந்தப் பாதிப்போடு வளர்ந்த ஒருவருக்கு முப்பது நாற்பது வயதிலேயே கட்டி கிளம்பிக் காலை அடைக்கலாம். இவர்களுடைய நாடி உண்மையில் நல்ல நாடி. நேற்றுவரை மலை ஏறிய கால், இன்று காலையில் செத்த கால்.

மற்றது, நாடி ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து ஒடுங்கியிருப்பது. நடந்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும், நின்றால் விடும். பீடி, சிகரெட், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் எல்லாம் இதில் சேரும். கம்பஹா மாவட்டத்தில் 40 முதல் 74 வயது வரையானவர்களிடம் நடந்த ஆய்வில் 3.6 வீதமானோருக்குக் கால் நாடி நோய் இருந்தது. இப்படி ஒடுங்கிய இடத்தில் ஒருநாள் இரத்தம் உறைந்து மிச்ச வழியும் மூடிவிடும். இவர்களுக்குப் பக்கக் கிளைகள் ஓரளவு வளர்ந்திருப்பதால் தாக்கம் கொஞ்சம் மெதுவாக வரலாம்.

இந்த வேறுபாட்டில்தான் ஸ்டென்டின் முழுக் கதையும் இருக்கிறது. ஸ்டென்ட் என்பது ஒடுங்கிய நாடியை விரித்துப் பிடித்து வைக்கும் உலோக வலைக்குழாய். முதல் வகையில் நாடி ஒடுங்கியிருக்கவில்லை. உள்ளே கட்டி கிடக்கிறது, அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டால் நாடி பழையபடி ஓடும், அங்கே உலோகத்துக்கு வேலை இல்லை. இரண்டாம் வகையில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ஒடுக்கத்தை அப்படியே விட்டால் அடுத்த வாரமே திரும்ப உறையும். ஸ்டென்டுக்கு அங்கேதான் இடம்.

கருவிகள் வந்த வழியைப் பார்த்தாலும் இது தெளிவாகும். 1911இல் பிரான்சில் ஜோர்ஜ் லபே தொடை நாடியைத் திறந்து கட்டியை எடுத்து வெற்றி கண்டார். 1916இல் கண்டறியப்பட்ட ஹெப்பரின் இரத்தம் மேலும் உறைவதைத் தடுக்கும் மருந்தாக 1930களில் நோயாளிகளிடம் வந்தது. ஆனாலும் கட்டி இருக்கும் இடம்வரை நாடியை நீளமாகத் திறக்க வேண்டியிருந்தது, பலருக்குக் கால் பிழைக்கவில்லை. அமெரிக்காவில் தோமஸ் ஃபோகாட்டி என்ற இளைஞர் சிறுநீர்க்குழாய்க் கதீற்றரின் நுனியில் சத்திரசிகிச்சைக் கையுறையின் விரல்நுனியை வெட்டிக் கட்டினார். மீன் பிடிக்கும் தூண்டிலுக்குப் பூச்சி கட்டிப் பழகிய கை அது. குழாயைக் கட்டியைத் தாண்டிச் செலுத்தி, நுனிப் பலூனை ஊதி, மெல்ல வெளியே இழுத்தால் கட்டியும் கூடவே வந்துவிடும். 1963இல் அவர் எழுதி வெளியிட்ட இந்த முறை இன்றும் அப்படியே இருக்கிறது. கவட்டில் சிறு வெட்டு, பல சமயம் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தாலே போதும். விலை கூடிய எக்ஸ்ரே கூடம் இல்லாத வைத்தியசாலையிலும் செய்யலாம். கரவனெல்லயைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இந்தக் கடைசி வசனம்தான் முக்கியமாகப் படுகிறது.

ஃபோகாட்டியின் முறை வெளிவந்த அடுத்த ஆண்டு, 1964 ஜனவரி 16ஆம் திகதி, ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்டில் சார்ள்ஸ் டொட்டர் இன்னொரு வழியைத் திறந்தார். 82 வயதான ஒரு மூதாட்டியின் பாதம் அழுகத் தொடங்கியிருந்தது; காலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. டொட்டர் தொடை நாடிக்குள் ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களைச் செலுத்தி ஒடுக்கத்தை விரித்தார். பாதம் ஆறியது, இறக்கும்வரை அவர் சொந்தக் காலில் நடந்தார். 1969இல் நாய்களின் நாடியில் உலோகச் சுருளை வைத்துப் பார்த்தவரும் டொட்டர்தான். 1974இல் அண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூனால் விரிக்கும் முறையைக் காலில் செய்துகாட்டினார். 1980களில் ஹூலியோ பல்மாஸின் ஸ்டென்ட் வந்தது. பிறகு வந்தது நிட்டினோல் என்ற நிக்கல்–டைட்டேனியக் கலப்பு: அழுத்திக் குழாய்க்குள் அடைத்தாலும் வெளியே வந்ததும் தன் உருவத்துக்கு விரியும். கால் நாடியில் இன்று வைக்கப்படும் ஸ்டென்ட்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

கட்டியைக் கரைக்கும் மருந்து மூன்றாவது வழி. மெல்லிய கதீற்றரைக் கட்டிக்குள்ளேயே நிறுத்தி, பல மணித்தியாலங்கள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சத்திரசிகிச்சையா, கரைப்பதா என்ற வாதம் 1990களில் மூன்று பெரிய பரிசோதனைகளைக் கண்டது. ரொச்செஸ்டரில் 114 நோயாளிகளிடம் நடந்த முதல் பரிசோதனையில் இரு பக்கத்திலும் ஓராண்டில் 82 வீதம் கால்கள் பிழைத்தன. உயிர் பிழைத்தவர்களோ கரைக்கும் பக்கத்தில் 84 வீதம், சத்திரசிகிச்சைப் பக்கத்தில் 58 வீதம். நோயுற்ற இதயத்தோடு வந்தவர்களை அவசரமாக மேசையில் கிடத்தியதன் விலை அது. இரண்டாவதான ஸ்டைல் பரிசோதனை 14 நாளுக்குட்பட்ட அடைப்புக்குக் கரைப்பதே நல்லது என்றும், பழைய அடைப்புக்குச் சத்திரசிகிச்சையே நல்லது என்றும் காட்டியது. 544 பேரைச் சேர்த்த டோபாஸ் பரிசோதனையில் ஆறு மாதத்தில் காலோடு உயிரோடு இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமம். ஆனால் கரைக்கும் பக்கத்தில் பெரும் இரத்தப்போக்கு 12.5 வீதம், மற்றப் பக்கத்தில் 5.5 வீதம், சிலருக்கு மூளைக்குள்ளும் கசிந்தது. இன்று கட்டியை உறிஞ்சி எடுக்கும் கதீற்றர்களும் வந்துவிட்டன.

இந்த மூன்று பரிசோதனைகளிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: முறையைத் தேர்வதற்குமுன் காலின் நிலையைத் தேர்ந்து அறிய வேண்டும். அதற்கு றதர்போட் வகுத்த படிநிலைகள் இருக்கின்றன. முதலாவதில் கால் ஆபத்தில் இல்லை. உணர்வும் அசைவும் சரியாக உள்ளன. இரண்டாவதன் முதற்பகுதியில் விரல்களில் மட்டும் மரப்பு. இங்கே மருந்தால் கரைக்க நேரம் உண்டு. இரண்டாவதன் பிற்பகுதியில் மரப்பு விரலைத் தாண்டிவிட்டது, விரல் அசைவும் தளர்ந்துவிட்டது. இங்கே பல மணித்தியாலம் சொட்டு விட்டுக்கொண்டிருக்க முடியாது. உடனே திறக்க வேண்டும். மூன்றாவதில் உணர்வே இல்லை, தசை விறைத்துவிட்டது. இந்தக் காலுக்கு இரத்தத்தைத் திருப்பி விடுவது நோயாளியையே கொல்லலாம். அங்கே காலை எடுப்பதுதான் உயிரைக் காக்கும் வைத்தியம். அதைச் சொல்லத் துணிவும் கனிவும் சேர்ந்து வேண்டும்.

இதைக் கண்டறியும் கருவி மிகச் சிறியது. பேனா அளவிலான டொப்ளர் முனையில் ஜெல் தடவி, கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்னாலும் பாதத்தின் மேற்புறத்திலும் சாய்த்து வைக்கிறார்கள். ஓடும் நாடியில் விட்டு விட்டுச் சீறும் ஒலி கேட்கும். அடைபட்ட நாடியில் வெறும் இரைச்சல். கெண்டைக்காலைப் பிசைந்துவிட்டு நாளத்தின் ஒலி வருகிறதா என்றும் பார்ப்பார்கள். அதுவும் வராவிட்டால் நிலைமை மோசம். மற்றக் காலிலும் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று நிமிட வேலை. இந்தக் கருவி ஒரு வார்டில் பூட்டிய அலுமாரிக்குள் இருப்பதும், நோயாளி வரும் இடத்தில் இருப்பதும் ஒன்றல்ல.

இனி ஸ்டென்டுக்கு வருவோம். கட்டியை எடுத்தோ கரைத்தோ முடிந்த பிறகு நாடிக்குள் மாறுபாட்டு மருந்து செலுத்திப் படம் எடுக்கிறார்கள். அப்போதுதான் அடியில் கிடந்த ஒடுக்கம் கண்ணுக்குத் தெரியும். அந்த ஒடுக்கம் இடுப்புக்குழியில் உள்ள நாடியில் இருந்தால் ஸ்டென்ட் சிறந்த பலன் தருகிறது. அந்த நாடி பருமனானது, அதிகம் மடங்காதது, இரத்தம் வேகமாக ஓடுவது. மற்றக் காலின் கவட்டில் ஊசி குத்தி, கம்பியை மேலேற்றி இக்காலுக்குள் இறக்கி, ஸ்டென்டை வைத்துவிட்டு வந்துவிடலாம். சில நிலையங்களில் கட்டியை முழுமையாக எடுக்காமலே ஸ்டென்டால் சுவரோடு நெருக்கி வைப்பதும் உண்டு. நெருக்கும்போது துணுக்கு கழன்று பாதத்துக்குப் போய்விடும் என்ற பயம் அதில் எப்போதும் இருக்கிறது. இடுப்புக்குழி நாடியில், வேறு வழி குறைந்த நோயாளிக்கு, அனுபவமுள்ள கை செய்தால் அதை ஏற்கலாம். தொடைக்குக் கீழே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

தொடை நாடியில் முதலில் பலூன், விரிந்தது நிற்காவிட்டால் மட்டும் ஸ்டென்ட். முழங்காலுக்குப் பின்னால் வரும்போது கதை மாறுகிறது. அங்கே நாடி மடங்கும், முறுகும், நீளும், சுருங்கும். ஜேர்மனியில் 121 கால்களில் தொடை நாடியிலிருந்து முழங்கால் பக்கம்வரை வைத்த ஸ்டென்ட்களை எக்ஸ்ரேயில் பார்த்து 2005இல் வெளிவந்த ஆய்வில் 37 வீதமான கால்களில் உலோகம் முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் திரும்பவும் அடைப்பு வருவது அதிகம். பின்னல் முறையில் செய்த புதிய ஸ்டென்ட்கள் இதைவிடத் தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் நாற்காலியில் அமர்பவர்கள். நம் தோட்டத்தில் ஒருவர் குந்திப் பால் வாளி எடுக்கிறார், குந்திச் சாப்பிடுகிறார், குந்தும் மலசலகூடத்துக்குப் போகிறார், இடையில் சரிவு ஏறி இறங்குகிறார். இந்த முழங்காலின் பின்னால் உலோகம் வைக்குமுன் வைத்தியர் இருமுறை யோசிக்க வேண்டும். சொந்த நாளத்தை எடுத்து மாற்றுவழி தைப்பது முடியுமா என்று கேட்க வேண்டும். நோயாளியின் தொழில் என்ன என்று படுக்கைச் சீட்டில் எழுதப்படுகிறது. அது சிகிச்சையைத் தீர்மானிக்கவும் பயன்பட வேண்டும்.

நாடி திறந்ததும் ஆபத்து விலகுவதில்லை. பட்டினி கிடந்த தசைக்கு இரத்தம் திரும்பும்போது அது வீங்குகிறது. தசையை மூடிய உறை விரியாததால் உள்ளழுத்தம் ஏறி, திறந்த நாடியையே திரும்ப நெரிக்கிறது. அதனால் முழங்காலுக்குக் கீழே இரு பக்கமும் தோலையும் உறையையும் நீளமாகக் கீறித் திறந்து விடுகிறார்கள். இதைப் பார்க்கும் உறவினர்கள் ‘காலைக் கிழிச்சுட்டாங்களே’ என்று பதறிப்போகிறார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அந்தக் கீறல்தான் காலைக் காக்கிறது என்று. செத்த தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தலாம். தசைப் புரதம் சிறுநீரகத்தை அடைக்கலாம். சிறுநீர் தேநீர் நிறத்தில் வந்தால் தாதி ஓடிப்போய் வைத்தியரைக் கூப்பிடுவது அதனால்தான்.

இப்போது கரவனெல்ல. இங்குள்ள ஆதார வைத்தியசாலைதான் சுற்றுவட்டத் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் முதல் பெரிய வாசல். இலங்கையின் ஆதார வைத்தியசாலைகளில் பொது மருத்துவமும் பொதுச் சத்திரசிகிச்சையும் உண்டு. இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சையின் தனிப்பிரிவுக்குக் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கோ கண்டிக்கோ போக வேண்டும். கொழும்பு ஏறத்தாழ 70 கிலோமீட்டர், அவிசாவளை வழியாக. வரைபடத்தில் அது சிறு தூரம். ஆனால் நோயாளியின் கணக்கு லயத்திலிருந்து தொடங்குகிறது. மேல் டிவிசனிலிருந்து தோட்டப் பாதையில் ஓட்டோ பிடித்து இறங்க வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் வைத்திய உதவியாளர் பார்த்து அனுப்ப வேண்டும். மழைக்காலத்தில் பாதையே இருக்காது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண்சரிந்து வீடுகளும் லயன்களும் புதைந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதே ஆண்டு இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின் நாடு முழுக்கப் பரவிய, ‘1990’ என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவை பெரிய ஆறுதல். ஆயினும் பிரதான வீதிவரை இறங்கும் நேரத்தை அதனால் குறைக்க முடியாது.

இரவு பத்து மணிக்குக் கால் விறைத்தவர் எண்ணெய் தேய்த்துப் படுத்து, விடிந்து டிஸ்பென்சரிக்குப் போய், பகல் கரவனெல்லக்கு வந்து, மாலையில் கொழும்பு சேர்ந்தால் ஆறு மணித்தியாலம் மூன்று தடவை கடந்துவிடும். அங்கே எந்த நாட்டு ஸ்டென்ட் இருந்தென்ன? 2022 நெருக்கடியில் மருந்தும் சத்திரசிகிச்சைப் பொருட்களும் இல்லாமல் வைத்தியசாலைகள் தவித்தபோது நாம் எல்லோரும் இல்லாத பொருட்களைப் பற்றிப் பேசினோம், சரியாகவே பேசினோம். இல்லாமல் போகும் நேரத்தைப் பற்றி அந்தளவு பேசவில்லை.

பின்னர் வரும் காலமும் நீண்டது. இதயத்திலிருந்து கட்டி வந்தவர் வார்ஃபரின் போன்ற மருந்தில் தொடர வேண்டும். இரத்தம் உறையும் வேகத்தைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அஸ்பிரின், குளோப்பிடோக்ரெல். 2020இல் வெளிவந்த வொயேஜர் பரிசோதனை, கால் நாடி திறக்கப்பட்டவர்களுக்கு அஸ்பிரினோடு சிறு அளவு ரிவரொக்ஸபன் சேர்த்தால் திடீர் அடைப்புத் திரும்ப வருவது குறைகிறது என்று காட்டியது. இரத்தப்போக்கு சற்றுக் கூடும். ஆனால் கிளினிக் நாள் என்றால் அன்று பேர் விழாது. கிளினிக் கொப்பியோடு விடியக் கிளம்பி மாலையில் திரும்புபவருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது, பஸ் காசும் போகிறது. இரண்டு மாதம் போகாமல் விட்டு, மூன்றாம் மாதம் மறுபடி அடைபட்டு வருகிறவரைப் ‘பொறுப்பில்லாதவர்’ என்று திட்டுவது நியாயமில்லை. மாத மருந்தைத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே கொடுத்து, சோதனை இரத்தத்தை அங்கேயே எடுத்து அனுப்பினால் வைத்த ஸ்டென்ட் நீடிக்கும்.

ஆகவே பணம் எங்கே முதலில் போக வேண்டும் என்று கேட்டால் என் வரிசை இது. ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் இரண்டு பாதத்தையும் தொட்டு ஒப்பிடும் பழக்கம். ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் கைக்கடக்கமான டொப்ளர். தடை ஏதும் இல்லாத நோயாளிக்கு அம்புலன்ஸில் ஏற்றுமுன்பே ஹெப்பரின். கொழும்பில் போய்ப் போடலாம் என்று விட்டால் வழிநெடுக உறைவு நீண்டுகொண்டே போகும். பொதுச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு ஃபோகாட்டி கதீற்றரும் அதில் பயிற்சியும். நல்ல நாடியில் வந்து சிக்கிய கட்டியை அவர் கரவனெல்லயிலேயே எடுத்துவிடலாம். அதன்பின் படம் எடுக்கும் கூடமும் ஸ்டென்டும். இந்த வரிசையில் முதல் நான்கும் மலிவு. அதனாலேயே அவை யாருடைய திட்ட அறிக்கையிலும் பெரிதாக எழுதப்படுவதில்லை.

மாற்றி அனுப்பும் கடிதத்தில் சேர்க்க வேண்டிய ஒரு வரியும் உண்டு. நோயின் பெயரும் இரத்த அழுத்தமும் அதில் வழக்கமாக இருக்கும். வலி தொடங்கிய நேரம் என்ன, டிஸ்பென்சரியில் விரல் அசைந்ததா, கரவனெல்லயில் அசைந்ததா என்பதும் இருந்தால், கொழும்பில் காலைக் கையில் எடுக்கும் வைத்தியர் கரைப்பதா, திறப்பதா என்று அந்த நிமிடத்திலேயே முடிவெடுப்பார்.